வெளிநாட்டுச் சுற்றுலா: கையில் பணமும் பையில் சான்றும்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்றாலே நம் தோட்ட லயங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பழனிக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையைச் செலுத்த வேண்டும் என்பார் ஒருவர். பாட்டனார் பிறந்த ஊரை ஒருமுறையேனும் கண்டு வர வேண்டும் என்பார் மற்றொருவர். அவ்வளவு தொலைவு வேண்டாம், எல்லைக்கு அப்பால் ஹட்யாய்க்குப் போய் இரண்டு நாள் தங்கி வந்தால் போதும் என்பர் இளைஞர்.

முன்னாளில் நம் மூத்தோர் பினாங்குத் துறைமுகத்திலே 'ரஜூலா', 'சிதம்பரம்' போன்ற கப்பல்களில் ஏறி, பல நாள் கடலில் மிதந்து, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கரையேறினர். 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றிக்கொண்டதை அடுத்து அந்தக் கப்பற் பயணமும் முடிவுற்றது. இன்றோ கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியில் இறங்கிவிடலாம். பயணம் எளிதாகிவிட்டது; உண்மைதான். ஆனால் பயணம் எளிதானதால் பிறநாட்டினுள் நுழைவதும் எளிதாகிவிட்டது என எண்ணுவது தவறாகும். அந்தத் தவற்றினால் வரும் பொருள் இழப்பையும் மன வருத்தத்தையும் தவிர்க்கும் வழிகளை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு காட்சியை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். வடக்கே ஒரு தோட்டத்திலிருந்து இரு குடும்பத்தினர் வாடகை வேனில் எல்லைச் சாவடியை அடைகின்றனர். கடப்பிதழ்கள் செம்மையாக உள்ளன. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிகாரி, "எத்தனை நாள் தங்குவீர்கள்? எவ்வளவு பணம் கொண்டு வந்திருக்கிறீர்கள்?" என வினவுகிறார். குடும்பத் தலைவர் பையைத் துழாவுகிறார். இருப்பதோ 300 வெள்ளி. மீதிப் பணம் வேனில் அமர்ந்திருக்கும் மைத்துனரிடம் இருக்கிறது. தங்கும் விடுதியின் பெயரும் நினைவில் இல்லை. பின்னால் வரிசை நீள்கிறது. குழந்தைகள் அழத் தொடங்குகின்றன. இறுதியில் அக்குடும்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. அவர்கள் செய்த குற்றம் யாதொன்றும் இல்லை. ஆயத்தமின்றிச் சென்றதே குறை.

பணத்தை ஏன் கேட்கிறார்கள்?

"என் பணத்தை எண்ணிப் பார்க்க அவர் யார்?" எனச் சிலர் சினங்கொள்வதுண்டு. இக்கேள்வி பயணியை அவமதிப்பதற்காகக் கேட்கப்படுவதன்று. ஒரு நாட்டிற்கு விருந்தினராக வருபவர் அங்குத் தங்கும் நாளளவும் தம் உணவுக்கும் உறையுளுக்கும் தாமே பொறுப்பேற்க வல்லவரா, குறித்த நாளில் திரும்பிச் செல்வாரா, அல்லது பணமின்றித் தவித்து, அனுமதியின்றி வேலை தேடி அலைவாரா என அறிந்துகொள்ள எல்லா நாடுகளும் விரும்புகின்றன. நம் நாட்டின் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 8ஆம் பிரிவு, நாட்டினுள் நுழையத் தடை செய்யப்பட்டோர் யாவர் என வகுத்துரைக்கிறது. தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் தாங்கும் வழிவகை தம்மிடம் உண்டெனக் காட்ட இயலாதவரும் அப்பட்டியலில் இடம் பெறுகின்றனர். நம் வீட்டு வாயிலில் நாம் கேட்கும் கேள்வியைத்தான் அயலாரும் தம் வாயிலில் கேட்கின்றனர்.

மற்றொன்றையும் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். விசா கிடைத்துவிட்டது, அல்லது விசாவே தேவையில்லை என்பதனால் நுழைவு உறுதியாகிவிடாது. இறுதி முடிவு, வந்திறங்கும் இடத்திலுள்ள குடிநுழைவு அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

எவையெல்லாம் சான்று ஆகும்?

பணச்சான்று என்றவுடன் கட்டுக் கட்டாக நோட்டுகளைச் சுமந்து செல்ல வேண்டும் என அஞ்ச வேண்டியதில்லை. பொதுவாக ஏற்கப்படும் சான்றுகள் இவை: கையிலுள்ள ரொக்கம், அண்மைய மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கை, வெளிநாட்டில் பயன்படத்தக்க வங்கி அட்டை, திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு, தங்கும் விடுதிக்குப் பதிந்த தாள், உறவினர் வீட்டில் தங்குவதாயின், அவருடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய அழைப்புக் கடிதம்.

தோட்டத் தொழிலாளர்க்கு இவற்றோடு வேறு இரு நல்ல சான்றுகள் உண்டு. ஒன்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. மற்றொன்று, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு வழங்கப்பட்டுள்ளது எனத் தோட்ட அலுவலகம் தரும் கடிதம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், ஈராண்டு முதல் ஐந்தாண்டு வரை பணியாற்றியவர்க்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவர்க்கு 16 நாளும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு உண்டு. அவ்விடுப்பைக் கிராணியாரிடம் முறையாகப் பதிந்து கடிதம் பெற்றுக்கொண்டால், "ஊரில் எனக்கு வேலை இருக்கிறது, நான் திரும்பியே ஆக வேண்டும்" என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. சொல்லாமற் கொள்ளாமல் வேலைக்கு வராது போனால், திரும்பி வந்தபின் வேலையே இல்லாமற் போகவும் கூடும்.

தாய்லாந்துக்குச் செல்வோர்

சுற்றுலாவுக்காகத் தாய்லாந்துக்குச் செல்லும் மலேசியர்க்கு விசா தேவையில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அவ்வரசு அவ்வப்போது மாற்றி அமைக்கிறது. ஆகவே பிறர் சொல்வதை நம்பாது, கடப்பிதழில் குத்தப்படும் முத்திரையிலுள்ள தேதியையே முடிவாகக் கொள்ளுதல் வேண்டும். அத்தேதியைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம், 20,000 பாட் வரை தண்டம் கட்ட நேரும்.

பணச்சான்றைப் பொறுத்தவரை, பயணி ஒருவரிடம் 20,000 பாட் வரையிலும், குடும்பத்திடம் 40,000 பாட் வரையிலும், அல்லது அவற்றுக்கு ஈடான பணத்தைக் காட்டும்படி அந்நாட்டு அதிகாரிகள் கேட்கலாம். 20,000 பாட் என்பது ஏறத்தாழ 2,500 வெள்ளி. மாற்று விகிதம் நாள்தோறும் ஏறி இறங்கும். எல்லாரிடமும் எல்லா வேளையிலும் இதனைக் கேட்பதில்லை. பத்து முறை சென்றபோதும் கேட்கவில்லை எனக் கூறுவோர் உளர். பதினோராம் முறை கேட்டால், பத்து முறை கேட்கவில்லை என்னும் விடை பயன் தராது. நிலவழிச் சாவடிகளில் ரொக்கமே எளிதில் ஏற்கப்படும் சான்றாகும்.

2025ஆம் ஆண்டு மே முதல் நாள் தொட்டு, தாய்லாந்தினுள் நுழையும் அயல்நாட்டார் அனைவரும் இணையம் வழி வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும் என்பது விதி. வந்து சேர்வதற்கு முன்னுள்ள மூன்று நாட்களுக்குள் இதனை நிரப்பலாம். வான் வழி, கடல் வழி, நில வழி ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். இதற்குக் கட்டணம் கிடையாது. எல்லை மாநிலங்களில் வாழ்வோர் பயன்படுத்தும் எல்லைச் சீட்டு தென் தாய்லாந்தின் அண்டைப் பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். அதனை வைத்துக்கொண்டு பாங்காக் வரை போய்விடலாம் என எண்ணுதல் கூடாது.

சிங்கப்பூர் செல்வோர்க்கும் இதே போன்ற இலவச இணைய வருகை அட்டை உண்டு. அதனையும் வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்புதல் வேண்டும். தங்கும் நாளுக்குப் போதிய பணமும் ஆறு மாதம் செல்லத்தக்க கடப்பிதழும் அங்கும் தேவை. மின்-சிகரெட்டைத் தாய்லாந்தும் சிங்கப்பூரும் தடை செய்துள்ளன. இளைஞர் அதனை வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம்.

இந்தியாவுக்குச் செல்வோர்

நம்மவர் மிகுதியாகச் செல்வது இந்தியாவுக்கே. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இந்தியாவுக்குச் செல்ல மலேசியர் விசா பெறுதல் வேண்டும். சுற்றுலாவுக்குச் செல்வோர் இணையம் வழியாகவே மின்விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என அது மூவகைப்படும். 30 நாள் விசாவுக்கு, போய்ச் சேரும் நாளுக்கு முன்னுள்ள 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது நான்கு நாட்களுக்கு முன்னராவது விண்ணப்பம் சென்றிருக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருப்பது பேதைமை. விமானச் சீட்டை வாங்கிவிட்டு விசா வராமல் விழித்துக்கொண்டிருப்போர் நிலை இரங்கத்தக்கது.

விண்ணப்பத்திற்கு வேண்டுவன இரண்டே. வெண்ணிறப் பின்னணியில் எடுத்த முகப்படம் ஒன்று. கடப்பிதழில் படமும் விவரமும் உள்ள பக்கத்தின் நகல் ஒன்று. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாகவும், முத்திரை குத்துவதற்கு இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழும் தனி விசாவும் தேவை.

திரும்பி வரும் பயணச்சீட்டையும், இந்தியாவில் தங்கும் காலத்துக்குப் போதுமான பணத்தையும் பயணி வைத்திருத்தல் வேண்டும் என மின்விசா விதிகள் கூறுகின்றன. தாய்லாந்தைப் போன்று இவ்வளவு என ஒரு தொகை அவ்விதியில் குறிக்கப்படவில்லை. எனவே தங்கும் நாளுக்கேற்பக் கணக்கிட்டுச் சொல்லத்தக்கதாக நம் சான்று அமைதல் வேண்டும்.

சுற்றுலா விசா என்பது ஊர் பார்க்கவும், கோயில் வழிபாட்டுக்கும், உற்றார் உறவினரைக் காணவும் உரியது. கண் அறுவைக்கோ வேறு மருத்துவத்திற்கோ செல்வோர் மருத்துவ விசாவையும், உடன் செல்வோர் மருத்துவத் துணையாளர்க்குரிய விசாவையும் பெறுதலே முறை. சுற்றுலா விசாவில் சென்று கடை வைப்பதும், வேலை பார்ப்பதும் குற்றமாகும்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு, இந்தியாவும் அயல்நாட்டுப் பயணிகளுக்கு இணைய வருகை அட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. வந்திறங்குவதற்கு முன்னுள்ள 72 மணி நேரத்திற்குள் இதனை நிரப்பலாம். இதற்கும் கட்டணம் இல்லை. வருகை அட்டை வேறு, விசா வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலி இணையத்தளங்கள் பல உள்ளன. இலவசமான வருகை அட்டைக்கும் பணம் பறிப்பதே அவற்றின் தொழில். இந்திய அரசின் தளங்களின் முகவரி 'கவ் டாட் இன்' என்னும் எழுத்துகளில் முடியும். தாய்லாந்து அரசின் தளங்களுடையது 'கோ டாட் டிஹெச்' என முடியும். இதனைப் பார்த்த பின்னரே விவரங்களை எழுத வேண்டும். கைப்பேசியில் எழுதப் பழகாத பெரியோர் தம் பிள்ளைகளையோ, அருகிலுள்ள 'நாடி' இணைய மையத்தையோ நாடுவது நன்று. கடப்பிதழை முன்பின் அறியாதவரிடம் ஒப்படைத்தல் அறவே கூடாது.

எவ்வளவு பணம் கொண்டு போகலாம்?

பணம் குறைவாக இருந்தால் ஒரு தொல்லை. மிகுதியாக இருந்து சொல்லாமல் மறைத்தால் மற்றொரு தொல்லை. மலேசியாவிலிருந்து வெளியேறும்போதும் திரும்பி வரும்போதும், 10,000 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பணத்தை வைத்திருப்பவர், சுங்கத் துறையின் 22ஆம் எண் படிவத்தில் அதனை அறிவித்தாக வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது, அயல்நாட்டு நோட்டுகள் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டுகளும் பயணிகள் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ அங்குள்ள சுங்கத் துறையினரிடம் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பதனால் பணம் பறிபோய்விடாது. மறைப்பதனால்தான் பறிபோகும்.

இந்திய ரூபாயை இங்கிருந்தே மாற்றிச் செல்ல விரும்புவோர், விமானம் வழிச் செல்லும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரையே கொண்டு செல்லலாம் என்பதை நினைவிற் கொள்க. முன்பு ஊருக்குப் போய் வந்தபோது மிஞ்சிய நோட்டுகளைப் பெட்டியில் வைத்திருப்போரும் உண்டு. பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016ஆம் ஆண்டு நவம்பரில் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 2,000 ரூபாய் நோட்டு 2023ஆம் ஆண்டு மே மாதம் புழக்கத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அவற்றை நம்பிப் பயணம் புறப்பட வேண்டா.

பணம் மாற்றுவோர், பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகளிலேயே மாற்றி, இரசீதும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். அந்த இரசீதும் ஒரு சான்றாகப் பயன்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணவன், மனைவி, இரு பிள்ளைகள் ஆகிய நால்வர் 14 நாள் தமிழகம் சென்று வருவதாகக் கொள்வோம். பத்து நாள் உறவினர் வீட்டிலும், நான்கு இரவு விடுதியிலும் தங்குகின்றனர்.

உணவு: ஒருவர்க்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம், நால்வர்க்கு 14 நாளைக்கு 28,000 ரூபாய்.
விடுதி: இரவொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 8,000 ரூபாய்.
வாடகை வண்டி: நான்கு நாளைக்கு, நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் 20,000 ரூபாய்.
கோயிற் செலவு, உறவினர்க்கு அன்பளிப்பு, துணிமணி: 14,000 ரூபாய்.

ஆக மொத்தம் 70,000 ரூபாய். இத்துடன் நோய், பயணத் தாமதம் போன்ற எதிர்பாராச் செலவுகளுக்கு ஐந்தில் ஒரு பங்காகிய 14,000 ரூபாயைச் சேர்த்தால் 84,000 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என வைத்துக்கொண்டால் இது 4,200 வெள்ளியாகும். விமானக் கட்டணம் தனி.

இவ்வெண்கள் ஓர் எடுத்துக்காட்டே. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இக்கணக்கைப் புறப்படுவதற்கு ஓராண்டு முன்னரே போட வேண்டும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. கணவனும் மனைவியும் உழைத்து, ஆளுக்கு மாதம் 200 வெள்ளி ஒதுக்கினால், பதினோரு மாதத்தில் 4,200 வெள்ளியைச் சேர்த்துவிடலாம். அவ்வாறு மாதந்தோறும் சேர்த்த பணம் வங்கிக் கணக்கில் வரிசையாகத் தெரியும்போது, அக்கணக்கு அறிக்கையே பேசும் சான்றாக நிற்கும்.

கடன் வாங்கிக் காட்டும் பணம்

இவ்விடத்தில் வருத்தத்தோடு ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. எல்லையில் காட்டுவதற்கென்றே வட்டிக்குப் பணம் வாங்கிச் செல்வோர் உளர். "காட்டிவிட்டு வந்து திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கையில் பணம் இருக்கும்போது கை சும்மா இராது. கடைத்தெருவில் பாதி கரைந்துவிடும். ஊர் திரும்பியதும் ஆலோங் வாயிலில் நிற்பார். இரண்டு நாள் இன்பத்திற்காக இரண்டு ஆண்டு பால்வெட்டிக் கடன் அடைப்பது அறிவுடைமை ஆகுமா? பணம் போதவில்லை எனில் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. விசாவுக்காக வங்கிக் கணக்கைப் பார்வையிடும் நாடுகளிலும், விண்ணப்பத்திற்கு முதல் நாள் திடீரெனப் பெருந்தொகை வந்து சேர்ந்திருந்தால் அதிகாரிகள் ஐயுறவே செய்வர்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. "வெளிநாட்டில் நல்ல வேலை, பெருஞ்சம்பளம். விமானச் சீட்டும் நாங்களே தருகிறோம். குடிநுழைவு மேசையில் மட்டும் சுற்றுலாவுக்குப் போவதாகச் சொல்லிவிடு. கேட்டால் காட்டுவதற்கு இந்தப் பணத்தை வைத்துக்கொள்" எனக் கூறி இளைஞரை அழைத்துச் செல்லும் கும்பல்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டு முதற்கொண்டு, இவ்வாறு ஏமாற்றப்பட்டுக் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் மோசடிக் கூடங்களில் அடைபட்ட மலேசியர் பலர் மீட்கப்பட்டுள்ளனர். தாய்லாந்துக்கு எனப் புறப்பட்டு, அங்கிருந்து எல்லை தாண்டி மியன்மாருக்குள் கொண்டுசெல்லப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். நமக்குக் காட்டுவதற்கென்று பிறர் பணம் தருகிறார் எனில், அப்பணம் நம்மை வாங்கும் விலை என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் உணர வேண்டும். அத்தகைய அழைப்பு வந்தால் உடனே காவல் நிலையத்தில் தெரிவித்தல் கடமை.

குழுவாகச் செல்வோர்க்கு

கோயில் யாத்திரைக் குழுக்களில், எல்லாருடைய பணத்தையும் தலைவர் ஒருவரே வாங்கி வைத்துக்கொள்வது நம்மிடையே வழக்கம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இவ்வழக்கம் இரு வகையில் தீங்காகும். முப்பது பேர் ஆளுக்கு 2,000 வெள்ளி வீதம் கொடுத்தால் தலைவர் கையில் 60,000 வெள்ளி சேர்ந்துவிடும். அது அறிவித்தாக வேண்டிய அளவைத் தாண்டிய தொகை. மறுபுறம், மேசை முன் தனித்து நிற்கும் பாட்டியாரிடம் பத்து வெள்ளிகூட இராது. ஆகவே அவரவர் செலவுப் பணத்தை அவரவரே வைத்திருத்தலே முறை. குடும்பமாகச் செல்வோர் ஒன்றாகவே மேசையை அணுகி, "நாங்கள் ஒரு குடும்பம்" எனத் தெரிவித்தல் வேண்டும்.

பெயரும் அட்டையும்

கடப்பிதழில் உள்ள பெயர், பயணச்சீட்டில் உள்ள பெயர், விசாவில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். நம் பெயர்களில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றின் சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்பதில்லை. அவ்விடங்களில் கோட்டை மட்டும் விடுத்து எழுதுவது வழக்கம். வீட்டில் அழைக்கும் பெயரையோ, சுருக்கப் பெயரையோ எழுதுதல் கூடாது.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நம் முதியோர் தனிக் கவனம் கொள்ளுதல் வேண்டும். அவர்கள் நிரந்தரவாசிகளேயன்றிக் குடிமக்கள் அல்லர். ஆகையால் மலேசியக் கடப்பிதழ் பெற இயலாது. எந்நாட்டுக் கடப்பிதழும் இல்லாதவர், தமக்குரிய பயண ஆவணம் பற்றியும், மறுநுழைவு அனுமதி பற்றியும் குடிநுழைவுத் துறையில் கேட்டறிந்து பெற்ற பின்னரே விமானச் சீட்டு வாங்க வேண்டும். மறுநுழைவு அனுமதி இன்றிச் சென்றால், அறுபது ஆண்டு வாழ்ந்த மண்ணுக்குத் திரும்பி வருவதே சிக்கலாகிவிடும். அன்றியும், இந்தியாவின் மின்விசா சாதாரணக் கடப்பிதழ் உடையோர்க்கே உரியது. பிற பயண ஆவணம் உடையோர் இந்தியத் தூதரகத்தின் வழியே விசா பெறுதல் வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும். உடன் செல்லும் பிள்ளைகள் இதனை முன்கூட்டியே கவனிப்பாராக.

நொடித்துப் போனவர் என அறிவிக்கப்பட்டோரும், வருமான வரி பாக்கி உள்ளோரும் நாட்டைவிட்டு வெளியேறுவதற்குத் தடை இருக்கலாம். அத்தகைய ஐயம் உடையோர் குடிநுழைவுத் துறையில் முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

மேசை முன் நிற்கும்போது

அதிகாரி கேட்பது பெரும்பாலும் நான்கு கேள்விகளே. எங்கே போகிறீர்கள்? எதற்காகப் போகிறீர்கள்? எத்தனை நாள் தங்குவீர்கள்? செலவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? இவற்றிற்கு உண்மையான, சுருக்கமான விடை போதும். "பதினான்கு நாள், தம்பி வீட்டில் தங்குவோம், இது அவர் முகவரி, இது திரும்பும் சீட்டு, இது பணம்" எனச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஐயத்திற்கு இடமேது? எழுதப் படிக்க அறியாத பெரியோர்க்கு இவ்விவரங்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கடப்பிதழுக்குள் வைத்துவிடலாம்.

அதிகாரிக்குப் பணம் நீட்டுவது எந்நாட்டிலும் குற்றம். கடப்பிதழுக்குள் நோட்டைச் செருகிக் கொடுக்கும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும். நுழைவு மறுக்கப்பட்டால் கூச்சலிடாது காரணத்தைக் கேட்டறிந்து திரும்புதல் நன்று. குறையை நீக்கிக்கொண்டு மறுபடியும் செல்லலாம். சச்சரவு செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டால் அதுவும் இயலாது.

வெளிநாட்டில் கடப்பிதழ் தொலைந்துவிட்டால், முதலில் அவ்விடத்துக் காவல் நிலையத்தில் புகார் செய்து, பின்னர் மலேசியத் தூதரகத்தை அணுகுதல் வேண்டும். தாயகம் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழை அவர்கள் வழங்குவர். சென்னையிலும், தாய்லாந்தின் சோங்கலாவிலும் மலேசியத் துணைத் தூதரகங்கள் உள்ளன. கடப்பிதழின் நகல் ஒன்றைத் தனிப் பையிலும், மற்றொன்றை ஊரில் உள்ளோரிடமும் விட்டுச் செல்வது நலம்.

புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுமா? வெற்றுப் பக்கங்கள் உண்டா?
2. விசா தேவையெனில் அரசாங்கத் தளத்தின் வழியே பெற்றாயிற்றா? அதன் நகல் கையில் உண்டா?
3. இணைய வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்பியாயிற்றா?
4. திரும்பும் பயணச்சீட்டும், தங்கும் இடத்தின் முகவரியும் உண்டா?
5. ஒவ்வொருவரிடமும் அவரவர்க்குரிய பணமோ சான்றோ உண்டா?
6. தோட்ட அலுவலக விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் எடுத்தாயிற்றா?
7. பெயர்கள் எல்லாத் தாள்களிலும் ஒத்திருக்கின்றனவா?

இவ்வேழுக்கும் 'ஆம்' என விடை கூறத்தக்கவர் எந்நாட்டு மேசை முன்னும் தலை நிமிர்ந்து நிற்கலாம். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. எனவே சீட்டு வாங்கும் முன் ஒருமுறையும், புறப்படும் வாரத்தில் ஒருமுறையும் அந்தந்த அரசின் தளத்திலோ தூதரகத்திலோ கேட்டுத் தெளிதல் வேண்டும்.

விடியற்காலைப் பனியில் தலைவிளக்கு மாட்டி மரம் சீவிச் சேர்த்த பணம் அது. அதில் ஒரு காசும் வீணாகாமல், முதியோர் தம் மூதாதையர் மண்ணை மிதித்துக் கண் குளிர்ந்து திரும்பவும், பிள்ளைகள் புதிய ஊர்களைக் கண்டு அறிவு பெருகவும் பயணங்கள் இனிதே நிறைவேறட்டும் என வாழ்த்துகிறோம்.